வில்லங்கம் வைத்து வசூல்: அமெரிக்காவில் குற்ற இழப்பீடும் லீனும்

நம்மூரில் மனை வாங்கப் போகிறவர் முதலில் போடுவது ஈசி. வில்லங்கச் சான்றிதழ். முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து, ஒரு வில்லங்கமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அட்வான்ஸ் பற்றிப் பேச்சே எடுப்பார். வில்லங்கம் என்ற சொல்லை நாம் எப்போதும் வாங்குகிறவர் பக்கத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறோம். அது பயப்பட வேண்டிய ஒன்று, தவிர்க்க வேண்டிய ஒன்று. ஆனால் எந்த வில்லங்கத்துக்கும் இன்னொரு பக்கம் உண்டு. அதை யாரோ ஒருவர் வேண்டுமென்றே கொண்டுபோய்ப் பதிந்திருக்கிறார். தனக்கு வரவேண்டிய பணம் வராமல் இந்தச் சொத்து கைமாறக் கூடாது என்பதற்காக.

அமெரிக்காவில் குற்றத்தால் பணம் இழந்தவர்களுக்கு நீதிமன்றம் இழப்பீடு விதித்த பிறகு, அதை வசூலிக்க இருக்கும் உருப்படியான வழிகளில் ஒன்று இதுதான்: குற்றவாளியின் சொத்தின் மேல் வில்லங்கம் வைப்பது. அங்கே அதற்குப் பெயர் லீன். சட்ட அகராதியில் 'பற்றுரிமை' என்று பார்க்கலாம். பேச்சில் லீன் என்றால்தான் புரியும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கற்பனைக் கதையோடு போவோம். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பக்கம் மளிகைக் கடை நடத்தும் ஓர் அக்கா. கணக்கு எழுத வைத்த ஆள் மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக 40,000 டாலரைத் தன் கணக்குக்கு மாற்றியிருக்கிறான். போலீஸ், வழக்கு எல்லாம் முடிந்து 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை விதிக்கும் நாளில் நீதிபதி, அந்த 40,000 டாலரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அதோடு பணம் வந்துவிடும் என்று நினைத்தார்.

வராது. ஏன் வராது என்பதிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தொடங்க வேண்டும்.

இந்த ஆணைக்குப் பெயர் ரெஸ்டிட்யூஷன். பறித்ததைத் திருப்பிக் கொடு என்பதுதான் பொருள். இதை அபராதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், ரெஸ்டிட்யூஷன் பாதிக்கப்பட்டவருக்கு வரும். மாநில அரசுகள் நடத்தும் இழப்பீட்டு நிதியும் வேறு. கலிஃபோர்னியாவில் 1965 முதலே அப்படி ஒரு நிதி இருக்கிறது. அது பெரும்பாலும் வன்முறைக் குற்றங்களில் அடிபட்டவர்களின் மருத்துவச் செலவு, சவ அடக்கச் செலவு போன்றவற்றுக்கு உதவும். கடைக் கல்லாவில் போன பணத்தை அது தராது. ஆக, அக்காவுக்கு வரவேண்டிய பணம் அந்த ஆளின் பையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கூட்டாட்சி நீதிமன்றங்களில் இந்த முறைக்கு 1982இல் வந்த சட்டம் ஒரு தொடக்கம். அதில் இழப்பீடு விதிப்பதும் விடுவதும் நீதிபதியின் விருப்பம். 1996இல் வந்த கட்டாய இழப்பீட்டுச் சட்டம் அதை மாற்றியது. வன்முறைக் குற்றங்கள், மோசடி உள்ளிட்ட சொத்துக் குற்றங்கள் பலவற்றில், பாதிக்கப்பட்டவர் இழந்த முழுத் தொகையையும் நீதிபதி விதித்தே ஆக வேண்டும். குற்றவாளியிடம் அவ்வளவு பணம் இருக்கிறதா என்று தொகையை முடிவு செய்யும்போது பார்க்கக் கூடாது. தவணை எவ்வளவு என்று முடிவு செய்யும்போதுதான் அவன் வசதியைப் பார்க்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் இல்லாதவன் மேலும் முழுத் தொகை ஏறுகிறதே, அதன் விளைவு என்ன? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2016 நிதியாண்டு முடிவில் கூட்டாட்சி வழக்குகளில் வசூலாகாமல் நின்ற இழப்பீடு மட்டும் 11,000 கோடி டாலர். அதில் 10,000 கோடியை, குற்றவாளிகளால் கட்ட முடியாது என்பதால் வசூலிக்க இயலாதது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகங்களே குறித்திருந்தன. பத்தில் ஒன்பது பங்கு காகிதத்தில்தான் இருக்கிறது. கூட்டாட்சிச் சிறையில் இருப்பவர் கடனுக்காகக் கட்டும் வழக்கமான குறைந்தபட்சத் தொகை மூன்று மாதத்துக்கு 25 டாலர். 40,000 டாலரை அந்த வேகத்தில் கட்டி முடிக்க 400 வருஷம் ஆகும்.

எனவே முதலிலேயே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஒன்றுமே இல்லாதவனிடம் லீன் ஒன்றும் செய்யாது. இன்று கையில் காசில்லை, ஆனால் வீடு இருக்கிறது, இல்லை நாளை வாங்குவான், இல்லை அப்பா சொத்து ஒருநாள் வரும் என்ற நிலையில் இருப்பவர்களிடம்தான் அதற்கு வேலை. அப்படிப்பட்டவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முக்கியமாக மோசடி, கையாடல் வழக்குகளில்.

லீன் எப்படி வேலை செய்கிறது

லீன் பணத்தைத் துரத்திக்கொண்டு ஓடாது. சொத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டை விற்கவோ, அதன் மேல் புதுக் கடன் வாங்கவோ உரிமையாளர் வரும்போது எழுந்து நின்று, என் கணக்கை முடித்துவிட்டுப் போ என்று சொல்லும். அதுவரை சும்மா இருக்கும்.

அமெரிக்காவில் வீடு விற்பனை கிட்டத்தட்ட எப்போதுமே, சொத்தின் உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி ஒன்றின் வழியாக, சில மாநிலங்களில் வழக்கறிஞர் வழியாக நடக்கும். அவர்கள் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்தின் ஏடுகளில் விற்பவரின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். நாம் ஈசி போடுவதைப் போலத்தான். கவுன்டி ரெக்கார்டர் அலுவலகம் என்பது ஏறக்குறைய நம்முடைய சார்பதிவாளர் அலுவலகம். தேடலில் லீன் கிடைத்தால், விற்பனைப் பணத்தில் அதைத் தீர்க்காமல் வாங்குபவருக்கு டைட்டில் காப்பீடு கிடைக்காது. காப்பீடு இல்லாவிட்டால் வாங்குபவருடைய வங்கி கடன் தராது. வங்கி தராவிட்டால் விற்பனையே இல்லை. லீனின் பலம் முழுவதும் இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. கத்தி வேண்டாம், ஜப்தி வேண்டாம், வாசலில் ஆள் அனுப்ப வேண்டாம்.

சரி, இந்த லீனைப் போடுவது யார்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கோர்ட் தீர்ப்புக் கொடுத்ததால் கோர்ட்டே எல்லாம் செய்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டாட்சி வழக்கா, மாநில வழக்கா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கூட்டாட்சி வழக்கில் இரண்டு லீன் சாத்தியம். முதலாவது அரசாங்கத்தின் லீன். தீர்ப்புப் பதிவான உடனேயே, குற்றவாளியின் எல்லாச் சொத்தின் மேலும் அமெரிக்க அரசுக்கு ஒரு லீன் தானாக உண்டாகிவிடுகிறது. வருமான வரி பாக்கிக்கு வருகிற லீனைப் போன்றே இதையும் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'உண்டாவது' வேறு, வாங்க வருகிற மூன்றாம் மனிதரைக் கட்டுப்படுத்துவது வேறு. அதற்கு அரசு தரப்பு ஒரு நோட்டீஸைப் பதிய வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கும் நிதி வழக்குப் பிரிவு இந்த வேலையைச் செய்கிறது. கட்டவேண்டிய பொறுப்பு தீர்ப்பிலிருந்து 20 வருஷம், அல்லது சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து 20 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை. நடுவில் ஆள் இறந்துபோனாலும் அவர் விட்டுப்போன சொத்து பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவரின் சொந்த லீன். இது தானாக வராது, கேட்டால்தான் வரும். ஆணையில் பெயர் இருக்கும் பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற கிளார்க்கிடம் கேட்டால், இன்னாருக்கு இவ்வளவு தொகைக்குத் தீர்ப்பாகியிருக்கிறது என்று சான்றளிக்கும் தீர்ப்புச் சுருக்கம் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். 'அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்' என்பார்கள். அதை மாநில விதிப்படி பதிந்தால், அந்த மாநிலத்து நீதிமன்றத் தீர்ப்புக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இதற்கும் உண்டு. இதில் ஒரு எல்லை இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சொத்துக்குத்தான் இந்த வழி. ஆள் பக்கத்து மாநிலத்தில் வீடு வைத்திருந்தால் அரசாங்கத்தின் லீன்தான் கைகொடுக்க வேண்டும்.

அரசே லீன் போட்டிருக்கும்போது நாமும் எதற்குத் தனியாக என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் அரசு அலுவலகத்தின் மேசையில் ஆயிரக்கணக்கான கடன் கோப்புகள் இருக்கின்றன. எதில் நேரம் செலவழிப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உங்கள் கோப்பு உங்களுக்கு ஒன்றே ஒன்று. அதோடு, அரசு எங்கே எப்போது நோட்டீஸ் பதிந்தது என்பதை நீங்கள் கேட்டால் ஒழிய யாரும் கூப்பிட்டுச் சொல்லப் போவதில்லை.

அக்காவின் காகிதம்

அக்காவின் வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்தது. கலிஃபோர்னியாவில் 1982இல் மக்கள் வாக்களித்தே பாதிக்கப்பட்டவரின் இழப்பீட்டு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். 2008இல் மார்ஸீஸ் லா என்ற பெயரில் மீண்டும் வாக்களித்து அதை இறுக்கினார்கள். அங்கே இழப்பீட்டு ஆணையை ஒரு சிவில் தீர்ப்பைப் போலப் பாதிக்கப்பட்டவரே நிறைவேற்றிக்கொள்ளலாம். சாதாரண சிவில் தீர்ப்பைப் பத்து வருஷத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் செத்துப்போகும். இழப்பீட்டு ஆணைக்கு அந்தக் கெடு கிடையாது. ஆணையில் வட்டி சேர்த்திருந்தால் வருஷத்துக்கு 10 சதவீதம். இன்றைய வங்கி வட்டியைப் பார்க்கும்போது கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டிய விகிதம்.

அக்காவின் கையில் இருக்க வேண்டியவை இரண்டு படிவங்கள். நீதிபதி கையெழுத்திட்ட ஆணை சிஆர்-110 என்ற படிவத்தில் இருக்கும். அதை வைத்து கிளார்க்கிடம் வாங்க வேண்டியது சிஆர்-111, அதாவது இழப்பீட்டுக்கான தீர்ப்புச் சுருக்கம். ஒரு சின்னத் தாள்தான். கடன்பட்டவர் பெயர், கடைசியாகத் தெரிந்த முகவரி, தொகை, ஆணை தேதி, நீதிமன்ற முத்திரை. இந்தத் தாளைச் சாக்ரமென்டோ கவுன்டி பதிவு அலுவலகத்தில் கொடுத்துப் பதிந்த நிமிடத்திலிருந்து, அந்தக் கவுன்டியில் அந்த ஆள் பெயரில் இருக்கும் வீடு, நிலம் எல்லாவற்றின் மேலும் லீன் ஏறிவிடும். இன்று இருப்பது மட்டுமில்லை. நாளை அதே கவுன்டியில் ஒரு வீடு வாங்கினாலும், வாங்கிய கணமே அதன் மேலும் ஏறும். இதைத்தான் நான் இந்த முறையின் அழகு என்பேன். சொத்து வருவதற்கு முன்பே வில்லங்கம் போய்க் காத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள். ஒன்றில் பதிந்தது இன்னொன்றில் செல்லாது. பக்கத்து பிளேசர் கவுன்டியில் அவன் மாமனார் எழுதிவைத்த மனை இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அங்கேயும் ஒரு தாளைப் பதிய வேண்டும். எங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. குற்றவாளி தன் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் ஒன்று உண்டு, சிஆர்-115. அதன் நகலைப் பார்க்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பது என் எண்ணம். நானாக இருந்தால் முதல் நாளே கேட்பேன்.

இப்போது பெயர் விஷயம். பதிவு ஏட்டில் தேடல் பெயரை வைத்துத்தான் நடக்கும். ஓர் எழுத்து தவறினால் லீன் இருந்தும் இல்லாத மாதிரி. தமிழர் பெயர்களில் இது எவ்வளவு சிக்கல் என்று அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். வீட்டுப் பத்திரத்தில் இனிஷியலோடு இருக்கும். செந்தில்குமார் ஓரிடத்தில் ஒரே சொல், இன்னோரிடத்தில் இரண்டு சொல். நம் ஆட்கள் மட்டுமில்லை, ஸ்பானிய வழிப் பெயர்களிலும் இதே கதைதான். ஆகவே தீர்ப்புச் சுருக்கத்தில் அந்த ஆள் பயன்படுத்தும் எல்லா வடிவங்களையும், 'என்றும் அழைக்கப்படும்' என்று, குறிப்பிடச் சொல்ல வேண்டும். பல படிவங்களில் ஓட்டுநர் உரிமத்தின் கடைசி நான்கு இலக்கம், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றுக்கு இடம் இருக்கும். தெரிந்தால் தவறாமல் நிரப்ப வேண்டும். அதே பெயரில் இருக்கும் அப்பாவி ஒருவரின் வீட்டு விற்பனை நம்மால் நின்றுபோகாமல் இருக்கவும் அந்த எண்கள்தான் உதவும்.

டெக்சாஸ் வழி

ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. டெக்சாஸில் 'ரெஸ்டிட்யூஷன் லீன்' என்ற பெயரிலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, பிரிவு 42.22. அங்கே பாதிக்கப்பட்டவரோ அரசு வழக்கறிஞரோ ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எங்கே பதிகிறோம் என்பதைப் பொறுத்து எதைப் பிடிக்கிறோம் என்பது மாறும். கவுன்டி கிளார்க்கிடம் பதிந்தால் அந்தக் கவுன்டியின் வீடு, நிலம். மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிந்தால் மற்ற அசையும் சொத்துகள். மோட்டார் வாகனத் துறையில் பதிந்தால் கார், டிரக். பிக்கப் டிரக் இல்லாத வீடு அரிதான ஊரில் இந்தக் கடைசி வசதி லேசானதில்லை. வாகனத்தின் உரிமைப் பத்திரத்திலேயே லீன் ஏறிவிட்டால், அதைத் தீர்க்காமல் வண்டியை ஒழுங்காக விற்க முடியாது.

டெக்சாஸ் லீனுக்கு ஆயுள் பத்து வருஷம். முடிவதற்குள் மறுபடி பதிந்தால் இன்னொரு பத்து வருஷம். நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டிய தேதி இது.

வரிசையில் எத்தனையாவது?

லீன் போட்டவுடன் வீடு நமதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. வரிசை இருக்கிறது. பொதுவாக முன்னால் பதிந்தவர் முன்னால் நிற்பார். சொத்து வரி பாக்கி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் போகும். அடுத்தது வீடு வாங்கக் கடன் கொடுத்த வங்கி. அதன் பிறகுதான் நாம். நமக்கு முன்னால் இன்னொரு கடன்காரர் தீர்ப்பு வாங்கிப் பதிந்திருந்தால் அவர் முன்னால். ஆகவே ஆணை வந்த வாரமே பதிவதற்கும், ஆறு மாதம் கழித்துப் பதிவதற்கும் வித்தியாசம் பணமாகவே தெரியும்.

சரி, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்து பணத்தை எடுத்துக்கொள்ள முடியாதா? சட்டப்படி கேட்கலாம். ஆனால் குடியிருக்கும் வீடு என்றால் 'ஹோம்ஸ்டெட்' பாதுகாப்பு குறுக்கே நிற்கும். கடனுக்காகக் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழைய ஏற்பாடு இது. கலிஃபோர்னியாவில் 2021 முதல் குறைந்தது 3 லட்சம் டாலர் மதிப்பு வரை இப்படிப் பாதுகாக்கப்படுகிறது. டெக்சாஸில் மாநில அரசியல் சாசனமே குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றுகிறது, அதற்கு டாலர் வரம்பே கிடையாது. அங்கே அவன் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டாவது வீட்டையும் டிரக்கையும்தான் பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பது கட்டாய விற்பனையின்போதுதான். உரிமையாளர் தானாக முன்வந்து விற்கும்போது லீனைத் தீர்த்தாக வேண்டும். முன்கூட்டியே ஹோம்ஸ்டெட் அறிவிப்புப் பதிந்து வைத்திருக்கும் விவரமான ஆட்கள் விஷயத்தில் இதுவும் மாறும், அதற்கு ஒரு வக்கீலைத்தான் கேட்க வேண்டும். மற்றபடி, ஏலம் போட்டு அலைவதைவிடக் காத்திருப்பதே லாபம் என்று வசூல் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அரசாங்கத்தின் லீன் முன்னால் வந்தால் கதை வேறு. மாநிலச் சட்டங்கள் கொடுக்கும் விலக்குகளில் பெரும்பாலானவை அதன் முன்னால் நிற்காது. கணவன் மனைவி இருவரும் பிரிக்க முடியாத கூட்டு உரிமையில் வைத்திருக்கும் வீட்டை, கணவரின் தனிக்கடனுக்காக மாநிலச் சட்டப்படி தொட முடியாத இடங்கள் பல. மிச்சிகனில் அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய வரி வழக்கில், கணவரின் பங்கின் மேல் கூட்டாட்சி வரி லீன் ஏறும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீட்டு லீனையும் வரி லீனைப் போல நடத்து என்று சட்டம் சொல்வதன் கனம் இதில் தெரியும்.

எழுதி வைத்துவிட்டால்?

நம்மூர் ஆட்களுக்கு உடனே தோன்றும் கேள்வி: வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால்? பினாமி வேலை எல்லா ஊரிலும் இருக்கிறது. லீன் பதிந்த பிறகு மாற்றினால் பயப்பட வேண்டாம், லீன் சொத்தோடு கூடவே போகும். பதிவதற்கு முன் மாற்றிவிட்டால்தான் தலைவலி. கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று தனி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிவிடுவதால் இந்த இடைவெளி பெரிய ஓட்டை. கலிஃபோர்னியாவில் 1,00,000 டாலருக்கு மேற்பட்ட தொடர் மோசடி வழக்குகளில் தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கி வைக்க அரசு வழக்கறிஞர் கேட்கலாம். அக்காவின் 40,000 டாலர் அந்தக் கணக்கில் வராது.

அடுத்த கேள்வி திவால். அமெரிக்காவில் மஞ்சள் கடிதாசி கொடுப்பது சாதாரணம். ஆனால் குற்ற இழப்பீட்டை அதில் கழுவ முடியாது. வழக்கமான திவாலில் இந்தக் கடன் போகாது என்று 1986இல் கெல்லி எதிர் ராபின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் 1990இல், தவணைத் திட்டத் திவாலில் மட்டும் போகலாம் என்று இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷம் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவையும் சாத்திவிட்டது. கூட்டாட்சி இழப்பீட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பதிந்த லீனையும் திவால் வழக்கில் ரத்து செய்ய முடியாது என்கிறது.

ஒரே இழப்புக்கு இரண்டு தடவை வாங்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகச் சிவில் வழக்குப் போட்டு அதே நஷ்டத்துக்குப் பணம் வாங்கினால் இழப்பீட்டுத் தொகையில் அது கழியும்.

தொலைபேசி வரும் நாள்

அக்காவின் கதைக்கு வருவோம். அவர் 2019இலேயே சிஆர்-111 வாங்கிப் பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆள் கண்காணிப்புக் காலத்தில் மாதம் 100 டாலர் வீதம் இரண்டு வருஷம் கட்டினான், 2,400 டாலர். அப்புறம் நின்றுவிட்டது. 2025இல் வீட்டை 5,20,000 டாலருக்கு விற்கிறான். வங்கிக் கடன் மிச்சம் 3,60,000. தரகர் கமிஷனும் இதர செலவும் 36,000. மிஞ்சுவது 1,24,000.

ஒருநாள் மதியம் கடைக்குத் தொலைபேசி வருகிறது. பேசுவது டைட்டில் கம்பெனிக்காரர். உங்கள் பெயரில் ஒரு லீன் இருக்கிறது, இன்றைய தேதிக்கு எவ்வளவு வர வேண்டும், எழுத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். ஆறு வருஷ வட்டி 24,000. கட்டிய 2,400 முதலில் வட்டியில் கழியும், மிச்ச வட்டி 21,600. அசலோடு சேர்த்து 61,600. விற்பனை முடியும் நாளன்று அந்தத் தொகை அக்காவுக்கு வரும். மிச்சம் 62,400தான் அவன் கைக்குப் போகும். இந்த ஆறு வருஷத்தில் அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தொலைபேசி வர வேண்டுமானால் எண் சரியாக இருக்க வேண்டும். கடையை மாற்றினாலோ வீடு மாறினாலோ நீதிமன்ற கிளார்க்குக்கும், பணம் வசூலிக்கும் அலுவலகத்துக்கும் புது முகவரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பணம் வந்து, கொடுக்க ஆளைக் காணாமல் காசோலை திரும்பிப் போவதும் நடக்கிறது.

இந்தத் தொகையைச் சொல்லும்போது கூட்டிச் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. கட்டிய ஒவ்வொரு தவணையின் தேதியும் எழுதி வைத்திருந்தால் அந்த மதியம் பதற்றமில்லாமல் போகும். சில சமயம் டைட்டில் கம்பெனிக்குப் பதில் அவனுடைய வக்கீல் கூப்பிட்டு, பாதித் தொகை வாங்கிக்கொண்டு லீனை எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசுவார். கையில் வரிசையில் நல்ல இடமும், விற்பனைத் தேதி நெருங்கும் அவசரமும் இருக்கும்போது அக்கா அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடலாம். ஆணையிட்டது நீதிமன்றம் என்பதால் தொகையைக் குறைக்கும் பேச்சை அங்கே தெரியாமல் முடிக்கவும் கூடாது.

பணம் முழுவதும் வந்த பிறகு ஒரு கடைசி வேலை பாக்கி. கணக்குத் தீர்ந்தது என்று ஒரு படிவத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். லீன் பதிந்த ஒவ்வொரு கவுன்டியிலும் அது பதிவாக வேண்டும். அக்கா பிளேசர் கவுன்டியிலும் ஒரு தாள் பதிந்திருந்தால், அங்கேயும் போய்விட்டு வர வேண்டும்.